வாசற்படியில் நின்ற கடிதங்கள்

கடல் தாண்டிய கடிதங்கள் – 11

கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டனில் நாங்கள் இருந்த லைனுக்குத் தபால்காரர் வந்தால் சைக்கிள் மணி அடங்குவதற்குள் நாலு வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாள் முதல் அந்த லைனில் எனக்கொரு வேலை இருந்தது. வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். போகிற கடிதத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். சுரங்கத்தில் இறங்கி ஓய்ந்த தாத்தாக்கள் வடஆர்க்காட்டு உறவுகளுக்குச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கினால் போதும், பாதிக் கடிதம் முடிந்த மாதிரி. ஒரே ஒரு கட்டளைதான்: "இருமல் பத்தி எழுதிடாதே கண்ணு, அங்க பயந்துக்குவாங்க."

எதிர் வீட்டு அக்காவின் கணவர் பம்பாயில் வேலையில் இருந்தார். அவர் எழுதும் கடிதத்தை அக்கா கேட்பதற்கு முன் அவள் மாமியார் கேட்பார். நான் படிப்பேன். பணம் அனுப்பிய செய்தி வரும், தம்பி படிப்பைப் பற்றிய விசாரிப்பு வரும். அக்காவின் பெயர் வரும் இடத்தில் பாட்டி கையை உயர்த்துவார். "அது வேணாம்பா, கீழ போ." நானும் போவேன். அடுப்படியில் அக்கா நிற்பது தெரியும். அந்த வரியில் இருந்தது என்னவென்று அவளுக்கு நான் சொன்னதே இல்லை.

சென்ற வாரம் விக்டோரியா காலத்துக் கேம்பிரிட்ஜின் பிரம்மச்சாரிகளைப் பார்த்தோம். 1882-இல் புதிய விதிகள் வரும்வரை அங்கே பெரும்பாலான கல்லூரிகளில் ஃபெல்லோவாக இருப்பவர் தாலி கட்டினால், அதாவது மோதிரம் மாற்றினால், பதவியை விட்டு இறங்க வேண்டும். விதி போனாலும் வாசனை போகவில்லை. விக்டோரியா காலத்தில், 1877-இல் பிறந்து, டிரினிட்டி கல்லூரியில் வாழ்ந்த கணிதர் ஜி.எச். ஹார்டி கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. கணிதமும் கிரிக்கெட்டும் கல்லூரிச் சாப்பாட்டு மேசையும் அவருடைய குடும்பம். அந்த வீட்டுக்குத்தான் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவிலிருந்து கல்யாணமான ஒரு பையன் போய்ச் சேர்ந்தான். கல்யாணம் என்பது தனி மனிதனின் காரியம் என்று நினைக்கிற ஊர் அது. கல்யாணம் என்பது அம்மாவின் காரியம் என்று இருந்த ஊர் இது. இரண்டுக்கும் நடுவில் ஓடிய கடிதங்கள்தான் இந்த வாரக் கதை.

ஸ்ரீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். அப்பா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர். வீட்டின் ஆணிவேர் அம்மா கோமளத்தம்மாள். கோயிலில் பஜனை பாடுவார், நாமக்கல் நாமகிரித் தாயாரைத் தவிர வேறு நீதிமன்றம் அறியாதவர். கல்லூரியில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தோற்று, வேலையும் இல்லாமல், திண்ணையில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த மகனுக்குப் பெண் பார்த்ததும் அவர்தான். குளித்தலைக்குப் பக்கத்தில் ராஜேந்திரம் என்ற கிராமத்தில் பார்த்த சிறுமி ஜானகி. 1909 ஜூலை 14-இல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 21 வயது, பெண்ணுக்குப் பத்து. அந்தக் கால வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். 1910 தொடக்கத்தில் ராமானுஜனுக்கு விரைவீக்கத்துக்காக அறுவை சிகிச்சை நடந்தது. கையில் காசில்லாத வீட்டுக்கு ஒரு மருத்துவர் இலவசமாகச் செய்து கொடுத்தார்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஜானகி சென்னைக்கு வந்து சேர்ந்தார், கூடவே மாமியாரும் வந்தார். ஜார்ஜ் டவுனில் குடித்தனம். வேலைக்குப் புறப்படும் முன்னும் கணக்கு, வந்த பின்னும் கணக்கு. எழுதுகிற கை நிற்கக் கூடாதென்று சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் கையில் வைப்பார்களாம். பிற்காலத்தில் ஜானகி சொன்ன நினைவுகளில் கணவன் மனைவி பேச்சு மிகக் குறைவாகவும் இந்தச் சோற்று உருண்டை தெளிவாகவும் இருக்கிறது.

ஊருக்குள் பேசத் தயங்கிய அந்தக் குமாஸ்தாவுக்கு, முகம் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் மட்டும் தயக்கமே இல்லை. கேம்பிரிட்ஜின் இரண்டு பேராசிரியர்கள், பேக்கரும் ஹாப்சனும், கைகொடுக்கவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஹார்டிக்குப் போனது. ஹார்டி அதைச் சக கணிதர் லிட்டில்வுட்டிடம் காட்டி, இரவு வரை இருவரும் அந்தச் சூத்திரங்களோடு உட்கார்ந்து, இது பித்தனின் வேலையில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். பிப்ரவரி 8-ஆம் தேதியே பதில் எழுதப்பட்டது. அறிமுகம் இல்லை, சிபாரிசு இல்லை. எழுதியவர் யார், எந்தச் சாதி, எத்தனை வகுப்பு என்று நடுவில் நின்று கேட்கவும் யாரும் இல்லை. கடிதம் நேராக உரியவர் கையில் விழுந்தது. ராமானுஜனின் வாழ்க்கையில் இப்படித் தடையில்லாமல் போய்ச் சேர்ந்த கடிதங்கள் அதிகமில்லை.

கடல் தாண்டுவது வைணவ அந்தணர் வீட்டில் சிறு காரியமா? 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த இளம் கேம்பிரிட்ஜ் கணிதர் ஈ.எச். நெவில் ராமானுஜனிடம் பேசியபோது மனம் ஏற்கெனவே இளகியிருந்தது. வெள்ளைக்காரர்கள் நடுவில் மகன் உட்கார்ந்திருப்பதாக அம்மா கனவு கண்டதாகவும், குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் சொன்னதாகவும் அந்த வீட்டுக் கதை. கோமளத்தம்மாளைப் பற்றிப் பின்னால் சொல்லப் போகிறவற்றைப் படிக்கும்போது இதையும் மறக்க வேண்டாம். வாசலைத் திறந்துவிட்டவரும் அவர்தான்.

நானும் வரட்டுமா என்று ஜானகி கேட்டிருக்கிறார். உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால் கணக்கில் மனம் நிற்காது என்பது கிடைத்த பதில். அம்மாவையும் மனைவியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு ரயிலேற்றிய பிறகுதான் ராமானுஜன் குடுமியை எடுத்துக் கிராப் வைத்துக்கொண்டார். கோட்டும் பூட்ஸுமாகத் தன்னை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். 1914 மார்ச் 17-இல் எஸ்.எஸ். நெவாசா சென்னையை விட்டுக் கிளம்பியது. ஏப்ரல் 14-இல் லண்டன். நாலு வாரப் பயணம்.

சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை ஆண்டுக்கு 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு ஊரிலிருக்கும் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. தங்கவயலில் எங்கள் ஊர்க்காரர்கள் சம்பள நாளன்று மணியார்டர் அனுப்பினார்களே, அதே ஏற்பாடுதான். ஒரு வித்தியாசம், பணம் எப்போதும் போய்ச் சேர்ந்தது. பணத்தோடு போக வேண்டிய பேச்சுதான் வழியில் நின்றது.

ஆரம்பத்தில் கடிதங்கள் தாராளமாக வந்தன. ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. செப்டம்பரில் அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த நாட்டில் சண்டை இல்லை, பக்கத்து நாட்டில்தான் நடக்கிறது என்று அம்மாவைத் தேற்றுகிறார். எவ்வளவு தூரம் என்று கேட்டால் சென்னைக்கும் ரங்கூனுக்கும் உள்ள தூரம் என்கிறார். பெல்ஜியத்தில் எரிந்துபோன ஊர்களின் கட்டடங்களைச் சென்னைக் கட்டடங்களோடு ஒப்பிட்டு மதிப்புச் சொல்கிறார். முடிவிலித் தொடர்களை விரல் நுனியில் வைத்திருந்தவர், கும்பகோணத்து அம்மாவுக்கு மைல் கணக்கு எழுதவில்லை. அன்றைக்குத் தமிழ் வீடுகளில் பிழைக்கப் போகிற ஊர் என்றால் ரங்கூன். அந்தப் பெயர் காதில் விழுந்தால் அடுப்படியில் இருப்பவருக்கும் தூரம் புரியும். தங்கவயல் தாத்தாக்கள் இருமலை மறைத்த கை இதுதான். பயத்தை மட்டும் வடிகட்டி எழுதத் தெரிந்த கை.

நண்பர்களுக்கு எழுதியவற்றில் வேறு கவலைகள். சைவச் சாப்பாடு, குளிர், ஊரிலிருந்து வரும் புளி, எண்ணெய் போன்ற சாமான்கள். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் உட்கார்ந்ததில்லை. அறையிலேயே சமைத்துக்கொண்டார். போர் முற்ற முற்றக் காய்கறியும் பாலும் தட்டுப்பட்டன. லிட்டில்வுட் ராணுவப் பணிக்குப் போய்விட்டார். ஹார்டி மட்டும் மிச்சம். 1916-இல் பட்டம் கிடைத்தது. வீட்டுக்கு எழுதுவது குறைந்துகொண்டே வந்தது.

ஏன் குறைந்தது? கும்பகோணத்து வீட்டு வாசலில் அதற்கு விடை இருக்கிறது. ராமானுஜன் மனைவிக்கு எழுதிய கடிதங்களும் ஜானகி கணவனுக்கு எழுதியவையும் மாமியார் கையைத் தாண்டவில்லை என்று ஜானகி பிற்காலத்தில் சொன்னார். மகன் கடல் தாண்டிய பிறகு கோமளத்தம்மாளுக்கு அவன்மீது மிச்சமிருந்த ஒரே பிடி அந்தத் தபால்தான். பெற்றதும் வளர்த்ததும் ஜாதகம் பார்த்ததும் பெண் பார்த்ததும் அனுப்பிவைத்ததும் தான் என்றிருந்தவருக்கு, பதினைந்து வயதுப் பெண்ணின் பெயரில் உறை வருவதைப் பொறுக்க முடியவில்லை. கொடுமைதான். அந்தக் காலத்து வீட்டில் ஒரு பெண்ணுக்கு அதிகாரம் வருவதே மகன் வழியாகத்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கொடுமையின் வேர் தெரியும்.

ஜானகி அண்ணன் வீட்டுக்கு, கராச்சிக்குப் போனார். அங்கிருந்து எழுதிய கடிதம் ராமானுஜனுக்குக் கிடைத்தது. அண்ணன் கல்யாணத்துக்குப் புடவை வாங்கப் பணம் வேண்டும் என்ற சின்னக் கோரிக்கை. அவரும் அனுப்பினார். இடையில் மாமியார் வாசல் இல்லாத ஊரிலிருந்து போட்டதால் அந்தக் கடிதம் பிழைத்தது. ஆனால் கேம்பிரிட்ஜில் இருந்தவருக்கு, தன் மனைவி தன் வீட்டில் இல்லை என்பதுதான் அதில் படித்த முதல் செய்தி. வீட்டில் சண்டை, கடிதப் போக்குவரத்தே நின்றுவிட்டது என்ற விஷயமெல்லாம் ஹார்டிக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. தினமும் பார்த்துப் பேசுகிற மனிதரிடம் ராமானுஜன் இதை வாய்திறக்கவில்லை. பிரம்மச்சாரிகளின் கல்லூரியில் மாமியார் மருமகள் சண்டையை எந்த மொழியில் சொல்வது?

1917 வசந்தத்தில் உடம்பு விழுந்தது. கேம்பிரிட்ஜில் மருத்துவமனை, பிறகு மெண்டிப் குன்றுகளில் காசநோய் விடுதி, பிறகு மேட்லாக், கடைசியில் லண்டன் பட்னி. மெண்டிப் விடுதியை நடத்தியவர் ஒரு தமிழ் மருத்துவர், டாக்டர் சௌரிமுத்து. 1914-இல் நெவாசா கப்பலில் ராமானுஜனோடு பயணம் செய்தவர். பிற்பாடு ஊர் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை தொடங்கியவரும் இவரே. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கி ஏறுகிறவர்கள் அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படியொரு கப்பல் பயணம் இருப்பதை நினைத்துப் பார்க்கலாம்.

காசத்துக்கு அந்தக் காலத்து மருந்து திறந்த வெளிக் காற்று. ஜன்னலைச் சாத்தக் கூடாது, கணப்பு மூட்டக் கூடாது. காவிரிக் கரையில் வளர்ந்தவர் குளிரில் நடுங்கியபடி ஹார்டிக்கு எழுதினார்: வந்து ஒரு மாதமாகிறது, ஒருநாள்கூட நெருப்பு மூட்டித் தரவில்லை, குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது, பேனாவும் காகிதமுமாகத் தினமும் ஒரு மணி நேரம் அங்கே போய் உட்கார்ந்து கட்டுரைகளை எழுதி அனுப்புகிறேன். ஆங்கிலத்தில் ஆசிரியருக்கு எழுதும்போது குளிரைப் பற்றி முறையிடவும் அதிலேயே சிரிக்கவும் அவருக்கு முடிந்திருக்கிறது. வீட்டுக்கு எழுதுவதுதான் முடியவில்லை. 1918-இல் ஒரு கட்டத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் உயிரைவிடத் துணிந்து காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிட்டியும் ஃபெல்லோ ஆக்கியது.

காசம் என்று அப்போது சொன்னதை எல்லா மருத்துவர்களும் இன்று ஏற்பதில்லை. இந்தியாவில் இருந்தபோதே வந்த சீதபேதி ஈரலில் தங்கி வளர்ந்த அமீபா நோய் என்று டாக்டர் டி.ஏ.பி. யங் 1994-இல் வாதிட்டார். அவர் சொல்வது சரியென்றால், குணப்படுத்தக்கூடிய நோய்க்குக் குளிர்காற்றை மருந்தாகக் கொடுத்தார்கள் என்றாகிறது.

1919 ஜனவரி 11-இல் பட்னியிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் தருவதாகச் சொன்ன ஆண்டு 250 பவுண்டு தன் தேவைக்கு அதிகம் என்கிறார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு போக, தன் செலவுக்கு மேல் மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடுங்கள் என்கிறார். சம்பளம் இல்லாமல் டியூஷன் தேடித் திரிந்தவர் எழுதிய கடிதம் அது. அதன் பெருந்தன்மையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதில் ஜானகியின் பெயர் இல்லை. கணவன் மனைவிக்கு இடையில் எத்தனை கடிதங்கள் காணாமல் போயிருந்தால் இப்படி ஒரு பெயர் விட்டுப்போகும் என்று எனக்குத் தோன்றும்.

மார்ச் 27-இல் ராமானுஜன் பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கினார். அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, அவள் எங்கே என்பதுதான். தாய்க்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் ஜானகி சென்னை வந்து சேர்ந்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒரே கூரையின் கீழ். தபாலே தேவைப்படாத அந்த ஒரு வருடத்தில்தான் அவர்கள் உண்மையில் குடித்தனம் நடத்தினார்கள். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை சேத்துப்பட்டு என்று ஊர் மாற்றிப் பார்த்தார்கள். மார்பிலும் கால்களிலும் வலி வரும்போது ஜானகி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். நீயும் என்னோடு வந்திருந்தால் எனக்கு இந்த நோயே வந்திருக்காது என்று அவர் சொன்னதை ஜானகி மறக்கவில்லை. நானும் வரட்டுமா என்று அன்று கேட்டதற்குப் பதில் திருத்தப்பட்டது, ஆறு ஆண்டு தாமதமாக.

1920 ஜனவரி 12-இல் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம். இதுவரை ஒரு கடிதம்கூட எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, புதிதாகக் கண்டுபிடித்த 'மாக் தீட்டா' சார்புகளைப் பற்றி எழுதினார். ஏப்ரல் 26-இல் போய்விட்டார். வயது 32.

சாவு வீட்டின் சந்தடியில் காகிதங்கள் பல கைமாறிப் போனதாக ஜானகி பின்னால் வருந்தினார். மிஞ்சியவை பல்கலைக்கழகம் போய், 1923-இல் ஹார்டிக்கு அனுப்பப்பட்டு, இன்னும் சில கைகள் மாறி, டிரினிட்டியின் ரென் நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் அடங்கின. 1976-இல் கணிதர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே எடுத்துப் பார்த்ததைத்தான் 'தொலைந்த நோட்டுப்புத்தகம்' என்கிறோம். 21 வயதில் கணவனை இழந்த ஜானகி, தையல் வேலை கற்றுக்கொண்டு, சிறு ஓய்வூதியத்தோடு திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து, 1994 வரை இருந்தார். ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்த பாத்திரங்களைக் கடைசிவரை வைத்திருந்தார். அவர்கள் இருவருக்கும் நடுவில் யார் கையும் படாமல் வந்து சேர்ந்தது அந்த வெந்நீர் ஒன்றுதான்.

எதிர் வீட்டு அக்காவின் கடிதத்தில் நான் தாண்டிப்போன வரியை இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. பாட்டி கையை உயர்த்தினார் என்று பழியை அவர்மேல் போட்டுவிடலாம். படிக்கத் தெரிந்தவன் நான்.

1936-இல் ஓர் இளைஞர் திருவல்லிக்கேணியில் ஜானகியின் வீட்டைத் தேடிப் போனார். ஹார்டி ராமானுஜனின் படம் ஒன்று வேண்டுமென்று கேட்டிருந்தார். முதலில் கிடைக்கவில்லை. தேடியதில், 1919-இல் ஊர் திரும்ப எடுத்த பாஸ்போர்ட் அகப்பட்டது. பாடப்புத்தகங்களில் நாம் பார்க்கிற அந்த முகம் அதிலிருந்து வந்ததுதான். வந்தவரும் டிரினிட்டி ஃபெல்லோ. அவருக்கும் நோயுற்ற தாயைப் பிரிந்து போன ஒரு கப்பல் பயணம் உண்டு, ஆறு வருடம் காத்திருந்த ஒரு பெண் உண்டு, அப்பாவோடு கடிதத்திலேயே நடத்திய ஒரு நீண்ட வழக்கு உண்டு. பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

(அடுத்த வாரம்: பில்ஸ்னா கப்பலில் ஒரு பத்தொன்பது வயது)